மச்சான் பிடித்த கயிறு

காட்டைப் பார்த்து யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. கல்லூத்து என்ற மலைக்குடியினர் பதியில் ஜெசிந்தா எடுத்த முதல் மாத மதிப்பீடு இதைத்தான் சொன்னது.

வந்தவர்கள் வாயால் குறை எதுவும் சொல்லவில்லை. அருவி அழகு என்றார்கள். ராகிக் களியைப் பாராட்டிவிட்டுப் பாதியை இலையில் வைத்தார்கள். தூரத்துப் புல்வெளியில் நின்ற யானைகளைப் படம் எடுத்தார்கள். ஆனால் வாயால் சொல்வதற்கு இப்போது மதிப்பில்லை. உணர்ந்ததற்கு மட்டுமே கட்டணம் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பயணி நுழைவாயிலில் காசு கொடுப்பதில்லை, ஒரு காப்பை வாங்கி மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறான். நாடி, வியர்வை, மூச்சு மூன்றையும் அது படிக்கும். திரும்பும்போது உடம்பு எவ்வளவு அனுபவித்ததோ அவ்வளவுக்குக் காசு பிடித்துக்கொள்ளும். ஏமாற்றுக்காரக் கேளிக்கைப் பூங்காக்களை ஒழிக்க வந்த சட்டம் அது. காட்டுக்கும் அதுவே பொருந்தும் என்று யாரோ ஒரு கூட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

ஜெசிந்தாவின் வேலை எளிமையானது. ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தின் ஊழியராக ஒரு சீசன் முழுக்க இங்கே தங்கி, இந்தப் பதி சுற்றுலாவை வைத்துத் தன் காலில் நிற்குமா என்று பார்க்க வேண்டும். நிலைப்பு எண் அறுபதைத் தொட்டால் மக்கள் காட்டுக்குள்ளேயே இருக்கலாம். தொடாவிட்டால் அடிவாரத்தில் கட்டி வைத்திருக்கும் தொகுப்பு வீடுகளுக்கு இறங்க வேண்டும். அந்த வீடுகளை அவள் பார்த்திருந்தாள். வரிசையாக, சன்னலுக்கு எதிரே சன்னலாக, கோழிப்பண்ணை மாதிரி இருந்தன.

முதல் மாத எண் நாற்பத்திரண்டு.

பதிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாரும் கோபப்படவில்லை. கெம்பன் மட்டும் கேட்டான். நாற்பதைத் தாண்டியவன், பதிக்காகப் பேசுபவன், சட்டைப்பையில் எப்போதும் வெற்றிலை வைத்திருப்பவன்.

"யானையப் பாத்துமா மேடம் ஒண்ணும் ஏறல?"

"போன்ல இதைவிடப் பக்கத்துல பாத்திருக்காங்க."

"அப்ப மிதிக்க விட்டாத்தான் ஏறும்போல" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள்.

ஏதாவது செய்து பார்த்தார்கள். இளவட்டங்கள் இரண்டு பேர் புதருக்குப் பின்னால் கரடி மாதிரி உறுமினார்கள். பயணிகளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. காப்பு அசையவே இல்லை. பொய் என்று மனசுக்குத் தெரிவதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது என்று ஜெசிந்தா விளக்கினாள். அதன் பிறகுதான் தேன் எடுப்பதைக் காட்டலாம் என்ற பேச்சு வந்தது. வெளியாளுக்குக் காட்டும் வழக்கம் இல்லை. நிறைய யோசித்துத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

தேன்பாறை பதியிலிருந்து மேலே. பாறையின் நெற்றியிலிருந்து கொடியேணியைத் தொங்கவிட்டு ஒருவன் இறங்குவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே ஒருவன் பிடித்திருப்பான். இறங்குபவன் ஜடையன். பிடிப்பவன் கெம்பன். ஜடையனின் மனைவி மாதி, கெம்பனின் கூடப்பிறந்த தங்கை. கெம்பன் கட்டியிருப்பது ஜடையனின் தங்கையை. பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். கயிற்றை மச்சானைத் தவிர வேறு யாரும் பிடிக்கக் கூடாது.

ஏன் அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது என்று ஜெசிந்தா மாதியிடம் கேட்டாள். மாதி புகை போடுவதற்குப் பச்சை இலைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் தம்பி செத்தா பங்கு கூடுமில்லக்கா. மச்சான் செத்தா? தங்கச்சிதான் மூணு புள்ளைங்களோட வந்து வாசல்ல நிப்பா. காலம் முச்சூடும் சோறு போடணும். எவன் விடுவான் கயித்த?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இதைவிடக் கறாரான காப்பீட்டை ஜெசிந்தா எந்த நிறுவனத்திலும் பார்த்ததில்லை.

முதல் இரண்டு குழுக்களுக்குத் தேன் எடுப்பு சுமாராகப் போனது. எண் ஐம்பதுக்கு வந்து நின்றது. மூன்றாவது குழு வந்த அன்று காலையில் தூறல். கயிறு ஈரம். ஜடையன் தேனடையைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்ட நேரம் கெம்பனின் கையில் கயிறு வழுக்கியது. ஜடையன் ஏணியை விட்டு ஒரு ஆள் உயரம் கீழே போனான். அவன் வாயிலிருந்து வந்த சத்தம் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பியது. கெம்பன் காலை ஒரு வேரில் உதைத்துக்கொண்டு பிடித்துவிட்டான்.

ஜெசிந்தா எதிர்ப்பக்க மேட்டில் பயணிகளோடு நின்றிருந்தாள். காப்புகளின் கோடுகள் ஓடும் கைத்திரையைப் பார்க்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கண் தானாகப் போனது. பதினாறு பேரின் கோடுகளும் ஒன்றாகச் செங்குத்தாக எழுந்திருந்தன. இந்த வேலையில் அவள் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் நுழைவாயிலில் ஒவ்வொருவருக்கும் அவரவர் கட்டணம் திரையில் வந்தது. எந்த இடத்தில் எவ்வளவு என்று படத்தோடு காட்டும். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு வங்கிக்காரர் தன் கோட்டைப் பார்த்தார், மனைவியின் கோட்டைப் பார்த்தார், பிறகு காப்பை அவசரமாகக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பதினாறு பேரில் ஒருவரும் கட்டணம் அதிகம் என்று சண்டை போடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வண்டியில் ஏறினார்கள்.

மாதம் ஒருமுறை வரைபடங்களைப் பதி மக்களுக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. அவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காக யாரோ நல்ல மனதோடு எழுதிய விதி. ஜெசிந்தா பள்ளிக்கூடச் சுவரில் படத்தைப் போட்டாள். ஜடையன் வரவில்லை. கோடு போட்ட படம் பார்த்தால் தூக்கம் வரும் என்று சொல்லிவிட்டு மூங்கில் வெட்டப் போயிருந்தான். மற்ற எல்லோரும் இருந்தார்கள்.

கெம்பன் எழுந்து சுவரருகே வந்து அந்த உச்சியில் விரலை வைத்தான்.

"இது எப்ப மேடம்?"

தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். தேன் எடுத்த நேரம் என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம்.

"கயிறு நழுவினப்ப" என்றாள்.

கெம்பன் விரலை எடுத்தான். அதன் பிறகு பதியில் யாரும் அந்தக் கூட்டத்தைப் பற்றி எங்கும் பேசியதாக அவளுக்குத் தெரியவில்லை. ஜடையனிடம் கண்டிப்பாகப் பேசவில்லை.

அடுத்த குழுவுக்கும் கயிறு நழுவியது. அதற்கடுத்த குழுவுக்கும். தூறலும் இல்லை, ஈரமும் இல்லை. விழுந்த தூரம் மட்டும் மாறவில்லை, அதே ஒரு ஆள் உயரம். எண் ஐம்பத்தெட்டுக்கு ஏறியது.

இருவரும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. கரடி உறுமலில் அசையாத காப்பு இதில் மட்டும் எப்படி ஏமாறும் என்ற கேள்வியைச் சில நாட்கள் தள்ளிப்போட்டாள். பிறகு முடியாமல் கெம்பனைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். அவன் நார் இளகுவதற்காக ஓடையில் கயிற்றை ஊறப்போட்டுக்கொண்டிருந்தான்.

"ஜடையனுக்குத் தெரியுமா?"

கெம்பன் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினான்.

"அவனுக்குப் பொய் மூஞ்சி வராதுங்க மேடம். சீட்டாடறப்ப நல்ல சீட்டு வந்தாலே பல்லு தெரியும். தெரிஞ்சிருந்தா கத்த மாட்டான். அவன் நெசமா கத்துனாத்தான் உங்க ஆளுங்க நெஞ்சு நெசமா அடிக்கும். நீங்கதான சொன்னீங்க, உடம்புக்குத் தெரியும்னு."

"ஒரு நாள் நிஜமாவே விட்டுட்டீங்கன்னா?"

"விட மாட்டேன்."

"எப்படித் தெரியும்?"

அவன் கயிற்றைத் தண்ணீருக்குள் அழுத்தினான். பிறகு அவளைப் பார்க்காமல், அந்தத் தொகுப்பு வீட்டில் அவள் ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கிறாளா என்று கேட்டான். போன வருடம் இறங்கிப் போன பக்கத்துப் பதியில் எத்தனை ஆண்கள் குடித்துச் செத்தார்கள் என்று அவளுடைய நிறுவனத்துக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும். அவளே எழுதியிருந்தாள், வேறொரு அறிக்கையில், அடிக்குறிப்பாக.

அவள் கோவையில் இருந்த தன் மேலாளர் வரதராஜனை அழைத்தாள். நேரடியாகச் சொல்லவில்லை. உயர்ந்த உணர்வுக்குக் காரணம் பயமாக இருந்தால் அதைக் கணக்கில் எடுக்கலாமா என்று மட்டும் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாக விளக்கினார்.

"காப்புக்குப் பயமும் ஒண்ணுதான், பரவசமும் ஒண்ணுதான்மா. நெஞ்சு ஏன் அடிச்சுதுன்னு நாம கேக்கறதில்ல. அடிச்சுதா, அடுத்த வருஷமும் அடிக்குமா, அவ்வளவுதான். பாதுகாப்புப் பிரச்சினை ஏதாவது இருக்கா? இருந்தா எழுதுங்க, இன்னிக்கே மூடிடலாம்."

"இல்ல சார்" என்றாள்.

எழுதினால் பதி இறங்கும். எழுதாவிட்டால் ஒரு மனிதன் வாரத்துக்கு இருமுறை தன் சாவைப் பார்ப்பான். இதை யாரிடம் கேட்டு முடிவு செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஜடையன் அவளைத் தேடி வந்தான்.

உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். மேடம் டவுனுக்குப் போகும்போது மச்சானையும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டான். அவள் புரியாமல் பார்த்தாள்.

"அவன் கையில என்னவோ வந்திருக்குதுங்க. பிடி நிக்கறதில்ல. நடுக்கமா, நரம்பான்னு தெரியல. நானாக் கேட்டா செத்துருவான் வெக்கத்துல. கயிறு பிடிக்கிறவன்கிட்டப் போயி உன் கை போச்சுன்னு எப்படிச் சொல்றது? நீங்க வேற எதுக்கோ கூட்டிட்டுப் போற மாதிரி டாக்டர்கிட்டக் காட்டிருங்க."

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள். கேட்டவுடனே ஏன் கேட்டோம் என்றிருந்தது.

"பயமில்லாம? ஒவ்வொருவாட்டியும் போய்ச் சேந்தேன்னுதான் நெனைப்பேன்." துண்டைத் தோளில் போட்டான். "அதுக்கு அவன் என்னங்க பண்ணுவான் பாவம்."

அவன் போன பிறகு ஜெசிந்தா எழுந்து மாதியின் வீட்டுக்கு நடந்தாள். மாதிக்குத் தெரிய வேண்டும், இது அவளுடைய புருசன், அவளுடைய அண்ணன், அவள் ஒரு வார்த்தை சொன்னால் இது நின்றுவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள். முடிவைத் தன் தலையிலிருந்து இறக்கி இன்னொருத்தி தலையில் வைக்கத்தான் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மாதி அடுப்படியில் இருந்தாள். ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். கெம்பன் வேண்டுமென்றே விடுகிறான் என்று சொன்னபோது மாதி விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியுங்க்கா."

ஜெசிந்தா சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அண்ணன் எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் செஞ்சான். கேக்காம செய்வானா? தாலி என்னுதாச்சே. கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே வந்தான். இங்கதான், நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்காந்தான். எதுவும் பேசல. நான்தான் கேட்டேன், எவ்வளவு விடுவன்னு. ஒரு ஆள் உசரம்னான். சரின்னேன்."

அடுப்பு புகைந்தது. அவள் ஊதினாள்.

"எங்க வீட்டுக்காரரு ராத்திரியில திடுக்குன்னு எழுந்திருக்கறாரு. காலு ஒதறுது. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்ல, நீ தூங்குங்கறாரு. நானும் தூங்கற மாதிரிப் படுத்துக்குவேன்." நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தாள். "நீங்க எழுதப் போறீங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

ஜெசிந்தா மாதி கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டு வந்தாள்.

சீசனின் கடைசி வாரம் எண் ஐம்பத்தொன்பதுக்கு மேல் நின்றது. இன்னும் ஒரு குழு பாக்கி. அது வழக்கம்போல நடந்தால் அறுபதைத் தாண்டிவிடும். அந்தக் குழு வருவதற்கு முந்தின நாள் ஜடையன் பதிக்கு நடுவில் எல்லோரும் கேட்கும்படி அறிவித்தான். தனக்கு முட்டி வலி வந்துவிட்டதாம். கொடியேணியில் கால் நிற்கவில்லையாம். அதனால் இனி நான் மேலே இருந்து கயிறு பிடிக்கிறேன், மச்சான் இறங்கட்டும். அவனும் எனக்கு மச்சான், நானும் அவனுக்கு மச்சான், வழக்கத்துக்குப் பங்கமில்லை என்றான்.

சொல்லிக்கொண்டே முட்டியைத் தேய்த்தான். இடது முட்டியை வலி என்று சொல்லிவிட்டு வலது முட்டியைத் தேய்த்தான். அவனுக்குப் பொய் மூஞ்சி வராது என்பது உண்மைதான். மச்சானின் கை போய்விட்டது என்று ஊருக்குத் தெரியாமல் இருக்க, தன் கால் போய்விட்டது என்று ஊரைக் கூட்டிச் சொல்கிறான். அங்கே நின்றிருந்த அத்தனை பேருக்கும் அது புரிந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கெம்பன் சரி என்றான். வேறு என்ன சொல்வான்?

மறுநாள் கெம்பன் இறங்கினான். மேலே ஜடையன், ஏணி கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வேரில் காலை ஊன்றிக் கயிற்றை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்திருந்தான். இறங்குபவன் நகர்வதற்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும், அதை மட்டும் விட்டான். அப்படி ஒரு பிடியை யாரும் பார்த்திருக்க முடியாது. கயிறு ஒரு விரல்கூட நழுவப்போவதில்லை என்று எதிர் மேட்டிலிருந்தே தெரிந்தது. புகை எழுந்தது, தேனீக்கள் கலைந்தன, கெம்பன் அடையை அறுத்துக் கூடையில் இறக்கினான். நேர்த்தியாக நடந்தது. பயணிகள் படம் எடுத்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். ஜெசிந்தாவின் திரையில் கோடுகள் தூங்கிக்கொண்டிருந்தன.

ஐம்பத்தொன்பது அப்படியே நிற்கும் என்று அவள் நினைத்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கெம்பன் ஏறத் தொடங்கியவன் பாதியில் நின்றான். தலையைத் திருப்பி எதிர் மேட்டைப் பார்த்தான். பயணிகளைப் பார்த்தானா, அவளைப் பார்த்தானா என்று தெரியவில்லை. பிறகு ஏணியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தான்.

ஒரு ஆள் உயரம் இல்லை. தளர்ந்திருந்த கயிறு முழுவதும் போய், அதற்கு மேலும் போனது. ஜடையனின் முழங்கைச் சுற்று அவிழ்ந்து கயிறு அவன் உள்ளங்கைகளில் ஓடியது. அவன் விடவில்லை. பாறை விளிம்பு வரை இழுபட்டு வந்து, விளிம்பில் குதிகாலை ஊன்றிப் பிடித்தான். கத்தியது கெம்பன் இல்லை. ஜடையன்தான். "மச்சான்" என்று கத்தினான்.

கோடுகள் திரையின் மேல் விளிம்பைத் தொட்டன.

அறுபத்திரண்டு. மாலைக்குள் கோவையிலிருந்து உறுதிச் செய்தி வந்துவிட்டது. வரதராஜன் வாழ்த்துச் சொன்னார். பாதுகாப்பு என்ற இடத்தில் ஜெசிந்தா ஒன்றும் எழுதவில்லை. நிறுவனத்தின் மென்பொருள் தன் பங்குக்கு ஒரு ஆலோசனையும் சேர்த்திருந்தது. கடைசி நாளின் நிகழ்வு மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்திருப்பதால், அடுத்த சீசனில் அதையே நிரந்தரமாக்கலாம்.

பதியில் சோறு ஆக்கினார்கள். மேளம் யாரோ எடுத்து வந்து, அடிக்காமல் வைத்திருந்தார்கள். ஜெசிந்தாவைச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்கார வைத்தார்கள். ஜடையன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. கெம்பன் ஒரு கொட்டாங்குச்சியில் தேனை எடுத்துவந்து அவன் எதிரே உட்கார்ந்து காயத்தில் பூசத் தொடங்கினான். விலா அடிபட்டிருந்ததால் குனிய முடியாமல் குனிந்தான்.

"தளர்வு ஜாஸ்தி விட்டுட்டேன் மச்சான்" என்றான் ஜடையன்.

கெம்பன் பூசினான்.

"ஒன் கையக் கொறயா நெனச்சேன். மனசுக்குள்ளதான். கை நடுங்குதுன்னு நெனச்சுத்தான் நான் பிடிக்கறேன்னு வந்தேன். முட்டி வலியெல்லாம் பொய்யி." அவன் குரல் தாழ்ந்தது. "கடைசில நான்தான் உன்ன விட்டேன்."

மாதி கையில் சோற்றுச் சட்டியோடு நின்றாள். கெம்பனின் மனைவி அண்ணன் முகத்தைப் பார்த்தாள், புருசன் முகத்தைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒருவர் பேசினால் போதும். ஜெசிந்தா பேசினாலும் போதும், உறுதிச் செய்தி ஏற்கனவே வந்துவிட்டது, இனி யாரும் இவர்களை இறக்க முடியாது. அவள் இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு மச்சான்" என்றான் ஜடையன். "இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது."

கெம்பன் அந்தக் கையை விடவில்லை. தேன் வழிந்து அவன் வேட்டியில் சொட்டியது. அவன் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். மாதி பார்வையை விலக்கிக்கொண்டு, குனிந்து ஜடையனின் இலையில் சோற்றை வைத்தாள்.

"மன்னிச்சுட்டேன்" என்றான் கெம்பன்.

ஜடையன் சாப்பிடத் தொடங்கினான். கை காயமென்பதால் மாதிதான் பிசைந்து ஊட்டினாள்.